ஹை பவர் போட்டியில் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கு ஒற்றைத் தோட்டா ஏற்றும் முறை

அமெரிக்காவின் ஹை பவர் ரைபிள் போட்டிகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏஆர்-15, எம்1 கேரண்ட், எம்1ஏ போன்ற செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களையே கொண்டுவருகிறார்கள். ட்ரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டாவை ரைபிளே மேகசின் என்னும் தோட்டா அடுக்கிலிருந்து எடுத்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் போட்டியின் பெரும்பகுதியில் அந்த வசதிக்கு வேலையே இல்லை. ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரி, 1907-லிருந்து தேசியப் போட்டிகளுக்குப் பேர்போன இடம். அங்கே சுடப்படும் நேஷனல் மேட்ச் கோர்ஸில் மொத்தம் 50 ஷாட். 200 கஜத்தில் நின்றபடி நிதானமாக 10, அதே தூரத்தில் உட்கார்ந்து 60 நொடிக்குள் 10, 300 கஜத்தில் படுத்து 70 நொடிக்குள் 10, 600 கஜத்தில் படுத்து நிதானமாக 20. இதில் நின்று சுடும் பத்துக்கும் 600 கஜத்து இருபதுக்கும் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும். ஆக 50-ல் 30 ஒற்றைத் தோட்டா ஷாட்.

விதி ஒரு பக்கம் இருக்க, 600 கஜத்தில் ஒற்றையாக ஏற்ற இன்னொரு காரணமும் உண்டு. ஏஆர்-15 மேகசினுக்குள் அடங்க வேண்டுமானால் தோட்டாவின் மொத்த நீளம் 2.260 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 77 கிரெயின் எடையுள்ள குண்டு அந்த நீளத்துக்குள் அடங்கிவிடும். காற்றில் குறைவாக ஒதுங்குவதற்காக 600 கஜத்தில் பலரும் விரும்பும் 80 கிரெயின் குண்டு அடங்காது. அதைத் தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் ஆழமாக இறக்கினால் வெடிமருந்துக்கான இடம் குறைகிறது, குண்டு குழலுக்குள் இருக்கும் ரைஃப்ளிங் வரிகளைத் தொடுவதற்கு முன் வெறுமனே தாவ வேண்டிய தூரமும் கூடுகிறது. அதனால் 2.4 அங்குலத்துக்கும் மேலாக நீட்டியே வைக்கிறார்கள். அப்படிச் செய்த தோட்டாவை மேகசினில் போடவே முடியாது.

ஒரு தோட்டாவைக் கையால் போடுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து மூடும் உலோகத் துண்டு) கையால் இயக்கும் போல்ட் ஆக்ஷன் ரைபிளில் கஷ்டமே இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் தவறாகப் போட்டால், ட்ரிகரில் விரலே இல்லாதபோது துப்பாக்கி வெடிக்கும். இதை ஸ்லாம் ஃபயர் என்பார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதைத் தவிர்ப்பதற்கானதுதான். எனவே முதலில் அது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிடிப்பில்லாத ஃபயரிங் பின்

இந்த மூன்று ரைபிள்களிலும், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னுக்குப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டின் துளைக்குள் அது தன்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும். போல்ட் வேகமாக முன்னேறி, தோட்டா சேம்பரின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) முடிவில் முட்டி, எல்லாம் சட்டென்று நிற்கும்போது பின் மட்டும் நிற்காது. பஸ் பிரேக் போட்டதும் கம்பியைப் பிடிக்காதவர் முன்னால் போவதுபோல அது முன்னே போய், தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமரைத் தட்டும். ஏஆர்-15-ல் ஒரு தோட்டாவை ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்து அதன் பிரைமரைப் பாருங்கள்: நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். அது கோளாறு இல்லை, அந்த வடிவமைப்பின் இயல்பு. அந்தத் தட்டின் வேகம் கூடினாலோ, பிரைமர் மென்மையாக இருந்தாலோ, பிரைமர் தன் குழிக்குள் முழுதாக இறங்காமல் துருத்திக்கொண்டிருந்தாலோ, பள்ளத்தோடு நிற்காமல் வெடித்துவிடும்.

மேகசினிலிருந்து ஏற்றும்போது போல்ட் தன் வேகத்தில் ஒரு பங்கைத் தோட்டாவுக்காகச் செலவழிக்கிறது. மேகசின் உதடுகளின் பிடியிலிருந்து அதை உருவ வேண்டும், சரிவில் ஏற்ற வேண்டும், சேம்பருக்குள் தள்ள வேண்டும். தோட்டாவை விரலால் நேராகச் சேம்பருக்குள் போட்டுவிட்டுப் போல்ட்டை விட்டால் இந்தத் தடை எதுவும் இல்லை. முழு வேகத்தோடு வந்து மோதும். அதற்கேற்பப் பின்னும் கூடுதல் வேகத்தோடு பிரைமரைத் தட்டும். ஆகவே முதல் விதி: தோட்டாவை ஒருபோதும் சேம்பருக்குள் போட்டுவிட்டுப் போல்ட்டை விடாதீர்கள். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். சேம்பருக்குள் தள்ளுகிற வேலையைப் போல்ட் பார்த்துக்கொள்ளும்.

சேஃப்டியைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். இந்த ரைபிள்களில் சேஃப்டி ட்ரிகரையும், பின்னை அடிக்கும் சுத்தியலான ஹாமரையும்தான் கட்டுப்படுத்துகிறது; ஃபயரிங் பின்னைத் தொடுவதில்லை. சேஃப்டி போட்டிருந்தாலும் ஸ்லாம் ஃபயர் நடக்கும். சேஃப்டி போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் போல்ட்டை விடும் நொடியில் உங்களைக் காப்பது குழலின் திசை ஒன்றுதான். குழலின் வாய் இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். நின்று சுடும் கட்டத்தில் இது அடிக்கடி மீறப்படுகிறது. ரைபிளின் பின்கட்டையை இடுப்பிலோ ஸ்டூலிலோ ஊன்றி, குழலை வானத்துக்குச் சாய்த்தபடி போல்ட்டை விடுகிறார்கள். அப்போது வெடித்தால் குண்டு மண்மேட்டைத் தாண்டிப் போகும். எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரைபிளுக்கு ரைபிள் ஆபத்தின் அளவில் வித்தியாசம் உண்டு. ஏஆர்-15-ன் பின் எடை குறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் இதே சிக்கல் வந்ததால்தான் அதை இளைக்க வைத்தார்கள். போல்ட் திரும்பிப் பூட்டுவதற்கு முன் பின் பிரைமரை எட்டவும் முடியாது. அதனால் ஏஆரில் ஸ்லாம் ஃபயர் நடந்தாலும் பூட்டிய நிலையில்தான் நடக்கும். பயம் குண்டு போகும் திசையைப் பற்றியது. கேரண்டிலும் எம்1ஏ-யிலும் பின் கனமானது. போல்ட் பூட்டாத நிலையில் பின்னின் வாலைப் பின்னுக்குப் பிடிக்க, போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் பாலத்தில் ஒரு வெட்டு உண்டு. ஆனால் அது தேய்ந்திருந்தாலோ, பின் முனை உடைந்து போல்ட் முகத்தில் சிக்கியிருந்தாலோ, போல்ட் பூட்டும் முன்பே வெடிக்கலாம். அப்போது கூட்டைத் தாங்க எதுவும் இருக்காது. ரிசீவர் பிளந்து துண்டுகள் முகத்தருகே பறக்கும்.

ஏஆர்-15: சறுக்குப் பலகை

மேகசினுக்குப் பதிலாகச் செருகும் ஒற்றைத் தோட்டாச் சாதனம் கடைகளில் கிடைக்கிறது. பாப் ஸ்லெட் என்பது எல்லோருக்கும் தெரிந்த பெயர். மேகசினைப் போலவே உள்ளே போய்ப் பூட்டும். மேலே தோட்டா படுக்க ஒரு பள்ளமும் சேம்பரை நோக்கிய சரிவும் இருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் போல்ட் கேட்ச் என்னும் கொக்கியைத் தூக்கிப் போல்ட்டைப் பின்னால் நிறுத்திவைக்கும். நீண்ட தோட்டாவுக்கு முன்பக்கச் சுவர் தடையாக இருக்காது.

இது இல்லாமல் சாதாரண மேகசினின் ஃபாலோயர் (தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டு) மேலேயே தோட்டாவை வைப்பவர்களும் உண்டு. ஃபாலோயரின் ஒரு பக்கம் மேடாக இருப்பதால் தோட்டா மறுபக்கம் உருண்டுவிடும். குண்டின் முனை சரிவின் விளிம்பில் மோதும்: ஒன்று முனை வளையும், அல்லது குண்டு கூட்டுக்குள் அழுந்தும். அழுந்திய குண்டைச் சுட்டால் அழுத்தம் ஏறும். மேகசின் நீளத்துக்குச் செய்த தோட்டாவென்றால், மேகசினைக் கழற்றி, ஒரே ஒரு தோட்டாவை உதடுகளுக்கடியில் செருகி, மீண்டும் போடுவது நல்ல வழி. மெதுவான வேலை, ஆனால் பயிற்சியின்போது அவசரம் என்ன இருக்கிறது?

ஸ்லெட்டோடு ஏற்றும் வரிசை இது:

1. வாய் மண்மேட்டை நோக்கி, போல்ட் பின்னால் பூட்டியிருக்க, சேஃப்டி போடுங்கள். விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே.
2. சேம்பருக்குள் ஒரு பார்வை. வெடித்த கூடு எதுவும் உள்ளே நிற்கக் கூடாது.
3. தோட்டாவின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, கூடு வெளியேறும் வாய் வழியாகக் குண்டு முன்னோக்கியிருக்கும்படி பள்ளத்தில் படுக்க வையுங்கள். முனை சேம்பர் வாயைப் பார்த்திருந்தால் போதும். தள்ள வேண்டாம்.
4. விரல்களை வெளியே எடுத்தாயிற்றா என்று உறுதி செய்துகொண்டு, போல்ட் கேட்ச்சை அழுத்தி விடுங்கள். போல்ட் தன் முழு ஓட்டத்தில் மூடட்டும்.
5. இலக்கைப் பார்த்து, மூச்சு அடங்கி, சுடத் தயாரானதும் சேஃப்டியை எடுங்கள்.

நான்காவது படியில் ஒரு எச்சரிக்கை. ஸ்லாம் ஃபயர் பயத்தில் சிலர் போல்ட்டைப் பின்னிழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலைப் பிடித்தபடி போல்ட்டை மெதுவாக விடுகிறார்கள். ஏஆரில் இது பலன் தராது. கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைத் தாண்டிப் பிடிக்கவும் போல்ட் திரும்பிப் பூட்டவும் அந்த வேகம் தேவை. மெதுவாக விட்டால் பாதியில் நிற்கும். ட்ரிகரை அழுத்தினால் ஹாமர் விழும், ஷாட் போகாது. ஸ்லெட்டின் பள்ளத்தில் உதடுகளின் பிடி இல்லாததால் நிஜ மேகசின் அளவுக்குத் தடை கிடைக்காது என்பது உண்மைதான். அந்தக் குறையைக் கடினமான பிரைமரால் ஈடுகட்ட வேண்டும். அது கீழே வருகிறது.

போல்ட் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்னால் நிற்கவில்லை என்றால் முதலில் ஸ்லெட் மேகசின் கேட்ச்சில் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கீழிருந்து தட்டிப் பாருங்கள். அது சரியென்றால் போல்ட் கேட்ச்சின் ஸ்பிரிங்கையும், பிறகு போல்ட்டைப் பின்தள்ளும் வாயுவின் அளவையும் சந்தேகியுங்கள். கூடுகள் வழக்கத்தைவிட அருகே சோம்பலாக விழுந்தால் போல்ட் முழுதாகப் பின்னே போகவில்லை என்று பொருள்.

படுத்த நிலையில் கைகள்

600 கஜத்தில் ரைபிளின் பின்கட்டை தோளில், இடதுகை ஸ்லிங் பட்டையில் இறுகியிருக்கும். வலதுகை சுடுபவர் ஏற்றுவதற்காக இடதுகையை அசைத்தால் பட்டையின் இழுவிசை மாறும். அடுத்த குண்டு வேறிடம் போகும். எனவே எல்லாவற்றையும் வலதுகையே செய்ய வேண்டும். தோட்டாப் பெட்டியை வலது முழங்கைக்கு முன்னால், கையை நீட்டாமல் எட்டும் இடத்தில், தோட்டாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். எடுத்த கையோடு திருப்பாமல், கூடு வெளியேறும் வாயான போர்ட்டுக்குள் போக வேண்டும். போல்ட் கேட்ச் இடப்பக்கம் இருப்பதால் கையை ரைபிளுக்கு மேலே கொண்டுபோய் அழுத்த வேண்டும். அல்லது வலப்பக்கம் நீட்டப்பட்ட போல்ட் ரிலீஸைப் பொருத்திக்கொள்ளலாம். நீங்கள் சுடும் பிரிவில் அது அனுமதிக்கப்படுகிறதா என்று அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ராணுவ ரைபிள் வடிவங்களுக்கான சர்வீஸ் ரைபிள் பிரிவில் வெளிப்புற மாற்றங்களுக்கு இடம் குறைவு.

கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் இதையெல்லாம் செய்யப் பழக வேண்டும். வீட்டில், மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டு பழகுங்கள். உண்மையான தோட்டாவை வீட்டில் ஏற்றிப் பழகவே கூடாது. மேலே சொன்ன காரணம் போதும்.

20 ஷாட்டுக்கு 20 நிமிடம். இலக்குக் குழியில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இலக்கை இறக்கி, குறியிட்டு, ஏற்றுகிறார்கள். இலக்கு கீழே இருக்கும்போதே தோட்டாவை ஏற்றிப் போல்ட்டை மூடிக் காத்திருப்பது பரவலான பழக்கம். அது வேண்டாம். விரைவுச் சுடுதல் முடிந்து சூடேறிய சேம்பருக்குள் தோட்டா ஒரு நிமிடம் கிடந்தால் மருந்து சூடாகி, குண்டின் வேகம் கூடி, ஷாட் மேலே போகும். 600 கஜத்து எம்ஆர் இலக்கின் 10 வளையம் 12 அங்குல விட்டம்தான். மேலே போகும் 3 அங்குலமும் காற்றில் ஒதுங்கும் 4 அங்குலமும் சேர்ந்தால் விளிம்புக்கு அருகே வந்துவிடுவோம். தோட்டாவைப் பள்ளத்தில் படுக்க வைத்துவிட்டு, இலக்கு மேலே வந்து காற்றுக் கொடிகளை ஒருமுறை பார்த்த பிறகே போல்ட்டை மூடுங்கள். மூடிய பிறகு காற்று மாறி நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால், அந்தத் தோட்டாவை எடுத்துத் தனியே வைத்துவிட்டு வேறொன்றை ஏற்றுவது மேல்.

எம்1 கேரண்ட்

கேரண்ட், எட்டுத் தோட்டாக்களை ஒன்றாகப் பிடித்தபடி உள்ளே போகும் கிளிப்பில் இயங்குவது. கிளிப் இல்லாமல் ஃபாலோயர் மேல் வெறுமனே தோட்டாவை வைத்தால் அது நிலையாக நிற்காது. எனவே பழைய காலத்திலிருந்தே பலர் தோட்டாவைச் சேம்பருக்குள் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போல்ட்டை விட்டு வந்திருக்கிறார்கள். இந்த ரைபிளில் நடக்கும் ஸ்லாம் ஃபயர்களுக்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம்.

இதற்கென்றே எஸ்எல்இடி என்னும் மாற்றப்பட்ட கிளிப் கிடைக்கிறது. விலை அதிகமில்லை. கிளிப்பைப் போலவே உள்ளே அழுத்திப் பூட்ட வேண்டும். சுட்ட பிறகும் வெளியே எகிறாமல் உள்ளேயே நின்று போல்ட்டைப் பின்னால் நிறுத்தும். தோட்டாவை அதன் மேல் வைத்து, வலது உள்ளங்கையின் ஓரத்தை, போல்ட்டை இயக்கும் ஆப்பரேட்டிங் ராடின் கைப்பிடிக்கு முன்னால் அணையாக வைத்தபடி, கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள், பூட்டு விடுபடும். கட்டைவிரலை முழுதாக வெளியே எடுத்த பிறகே அணையை விலக்குங்கள். போல்ட் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகும். அழுத்தியும் விடுபடவில்லையென்றால் ராடைச் சற்றுப் பின்னிழுத்து விட வேண்டியிருக்கும். போட்டி நாளுக்கு முன்பே உங்கள் ரைபிளில் எது வேலை செய்கிறது என்று போலித் தோட்டாவால் பார்த்துவிடுங்கள். உள்ளங்கை அணை இல்லாமல் கட்டைவிரலை நுழைத்தால் போல்ட் அதை நசுக்கும். நகம் கறுத்துப்போன கட்டைவிரலுக்கு 'எம்1 தம்ப்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

எஸ்எல்இடி இல்லாத நிலையில் சுட்டே ஆக வேண்டுமென்றால், தோட்டாவைச் சேம்பருக்குள் வைப்பதைத் தவிர வழியில்லை; ஆனால் போல்ட்டை முழு ஓட்டத்தில் விடாதீர்கள். அணையைப் பிடித்தபடி போல்ட்டைக் கையோடு முன்னே கொண்டுபோய், மூட ஓர் அங்குலம் இருக்கும் இடத்தில் விடுங்கள். பிறகு கைப்பிடி கடைசிவரை முன்னே போயிருக்கிறதா, போல்ட்டின் காது ரிசீவரின் பள்ளத்தில் முழுதாகத் திரும்பி இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் உள்ளங்கையால் தட்டிப் பூட்டாதீர்கள். போல்ட்டைப் பின்னிழுத்துத் தோட்டாவை வெளியே எடுங்கள். பூட்ட மறுக்கும் தோட்டா பெரும்பாலும் சரியாக அளவு குறைக்கப்படாத கூடு. அதைத் தட்டுவதுதான் பூட்டாத நிலையில் வெடிக்க வைக்கும் செயல்.

எம்1ஏ-க்கு இவ்வளவு சிரமமில்லை. காலி மேகசின் உள்ளே இருக்க, போல்ட் பின்னால் நிற்கும். ஒரு தோட்டாவை மேலிருந்து ஃபாலோயர் மேல் வைத்து, உதடுகளுக்கடியில் போகும்வரை கட்டைவிரலால் அழுத்தி இறக்குங்கள். விரலை எடுத்துவிட்டு ராடைப் பின்னிழுத்து விடுங்கள். உண்மையான மேகசினிலிருந்தே தோட்டா ஏறுவதால் முழுத் தடையும் கிடைக்கிறது. மூன்றிலும் நிம்மதியான முறை இதுதான்.

தோட்டா செய்யும் மேசையில்

ஏற்றும் முறை எவ்வளவு சரியாக இருந்தாலும், மோசமாகச் செய்த தோட்டா அதைத் தோற்கடிக்கும். போட்டிக்காரர்களில் மிகப் பலரும் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள் என்பதால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பிரைமர். ராணுவ ரைபிள்களின் பிடிப்பற்ற பின்னுக்காகவே உணர்திறன் குறைத்துச் செய்யப்படுபவை உண்டு: பெரிய பிரைமருக்கு சிசிஐ 34, சிறிய பிரைமருக்கு சிசிஐ 41. போல்ட் ஆக்ஷனுக்கு அருமையாக இருக்கும் மென்மையான மேட்ச் பிரைமர்களைக் கேரண்டில் போடாதீர்கள். பிரைமரை மாற்றினால் மருந்தின் அளவைக் குறைத்து மீண்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். விரல்நுனியை ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் ஓட்டிப் பாருங்கள்: ஒரு மெல்லிய பள்ளம் உணரப்பட வேண்டும், மேடு கூடாது. சந்தேகம் வந்தால் தோட்டாவைத் தட்டையான கண்ணாடி மேல் நிறுத்துங்கள். துருத்திய பிரைமர் இருந்தால் அது ஆடும். ஆடிய தோட்டாவை மறுபடி அழுத்தி இறக்க முயலாதீர்கள். குண்டை உருவி, மருந்தைக் கொட்டிப் பிரித்துவிடுங்கள். பிரைமர் இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: குழியில் கரி தங்கியிருக்கிறது, அல்லது ராணுவக் கூட்டில் பிரைமரைச் சுற்றியுள்ள நசுக்கல் எடுக்கப்படவில்லை.

கூட்டின் தோள். உங்கள் ரைபிளில் வெடித்து வந்த கூட்டை அளந்து, அதைவிடத் தோளை 0.003 முதல் 0.005 அங்குலம் பின்னுக்குத் தள்ளுங்கள். குறைத்தால் போல்ட் கடைசியில் இறுகும். அதிகம் தள்ளினால் சில சுற்றுகளிலேயே கூடு அடிப்பக்கம் மெலிந்து அறுந்துவிடும். நீளத்தையும் பாருங்கள்: .223 கூடு 1.760 அங்குலத்தையும் .308 கூடு 2.015-ஐயும் .30-06 கூடு 2.494-ஐயும் தாண்டக் கூடாது. 0.010 அங்குலம் குறைத்து வெட்டினால் சில முறை கவலையில்லை. முடிந்த தோட்டா ஒவ்வொன்றையும், கூட்டின் அளவைச் சோதிக்கும் கேஸ் கேஜில் போட்டுப் பாருங்கள்; ஒன்றிரண்டை எடுத்துச் சோதிப்பதில் பயனில்லை, பிரச்சினை செய்வது விட்டுப்போன ஒன்றாகத்தான் இருக்கும்.

கழுத்தின் பிடி. போல்ட் சட்டென்று நிற்கும்போது ஃபயரிங் பின் மட்டுமல்ல, குண்டும் முன்னே போகப் பார்க்கும். ஐந்து போலித் தோட்டாக்களை அளந்து, ஸ்லெட்டிலிருந்து ஏற்றி, எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். 0.003 அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் கழுத்தின் பிடி போதவில்லை. விரிப்பு முனையைச் சிறியதாக மாற்றுங்கள்.

இதோடு சேர்ந்தது குண்டுக்கும் ரைஃப்ளிங் வரிகளுக்கும் இடையேயான தூரம். போல்ட் ஆக்ஷன்காரர்கள் குண்டை வரிகளில் அழுத்தி வைப்பதைப் பார்த்து இங்கும் செய்யாதீர்கள். சுடுதலை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்து, ஏற்றிய தோட்டாவை வெளியே எடுக்கும்போது, குண்டு குழலில் சிக்கிக்கொண்டு கூடு மட்டும் கையில் வரும். மருந்து முழுவதும் ட்ரிகர் பகுதிக்குள் கொட்டும். அந்தப் போட்டி அவ்வளவுதான்: குண்டைத் துப்புரவுக் கம்பியால் வாய்ப்பக்கமிருந்து தள்ளி எடுத்து, ஒவ்வொரு மருந்துத் துகளையும் வெளியேற்றும் வரை சுட முடியாது. 0.010 முதல் 0.020 அங்குலம் இடைவெளி விடுங்கள். குழலின் தொண்டை தேயத் தேய அந்த இடைவெளி கூடும். பருவத்துக்கு ஒருமுறையாவது மீண்டும் அளந்து குண்டை வெளியே நகர்த்த வேண்டும்.

ரைபிளில் பார்க்க வேண்டியவை

போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். ஃபயரிங் பின் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் துளைக்குள் பிசுக்கோ பிரைமரின் உலோகத் துணுக்கோ இருக்கிறது. பின் முன்பக்கமே சிக்கிக்கொண்டால் போல்ட் மூடும் ஒவ்வொரு முறையும் அது பிரைமரைக் குத்தும். துளையைச் சுத்தம் செய்து உலர்வாக விடுங்கள். அதற்குள் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். பின் முனை உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். முழுதாக முன்னே தள்ளினால் போல்ட் முகத்திலிருந்து ஏஆரில் 0.028 முதல் 0.036 அங்குலம் வரை, கேரண்டில் 0.044 முதல் 0.060 வரை நீட்டியிருக்கலாம். கேரண்டை வாங்கியதும் ஹெட்ஸ்பேஸையும் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையேயான தூரம்) பாலத்தின் தேய்மானத்தையும், துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரிந்த ஆர்மரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏதாவது தவறினால்

ட்ரிகரைத் தொடாமல் வெடித்தால்: வாயைத் திருப்பாதீர்கள், உடனே அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். ரேஞ்ச் அதிகாரியைக் கையுயர்த்தி அழையுங்கள். வெளியே வந்த கூட்டை எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். குத்து ஆழமில்லாமல் இருந்தால் போல்ட் மூடும்போதே வெடித்திருக்கிறது. ஹாமர் அடித்த குத்து ஆழமாக இருக்கும். அப்படியானால் ட்ரிகர் பொறியில் கோளாறு. இரண்டிலும் ரைபிள் அன்று ஓய்வெடுக்க வேண்டும். அதே தொகுப்பில் செய்த மற்றத் தோட்டாக்களையும் சுடாதீர்கள்.

ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் வாய் மண்மேட்டை நோக்கியபடி 30 நொடி அசையாமல் காத்திருந்து, முகத்தைப் போர்ட்டிலிருந்து விலக்கிக்கொண்டு போல்ட்டை இழுங்கள். வெடித்த சத்தம் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்து, இலக்கிலும் குறி இல்லையென்றால், குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். குழல் வழியே வெளிச்சம் தெரிவதைப் பார்க்காமல் அடுத்ததை ஏற்றக் கூடாது.

நிறுத்தச் சொன்னதும் செய்ய வேண்டியது: ஏற்றியிருந்தால் தோட்டாவை வெளியே எடுங்கள், வந்தது கூடு மட்டுமா, குண்டோடு முழுத் தோட்டாவா என்று பாருங்கள், ஸ்லெட்டைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னால் பூட்டுங்கள், சேஃப்டி போடுங்கள், சேம்பரில் காலி அடையாளக் கொடியைச் செருகுங்கள். கேரண்டில் எஸ்எல்இடி வெளியே வர, ராடைப் பின்னால் பிடித்தபடி ரிசீவரின் இடப்பக்கமுள்ள கிளிப் லாட்ச்சை அழுத்த வேண்டும். அது எகிறி வரும்; மேலே உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மீந்த தோட்டாக்களில் ஒருமுறை ஏற்றி எடுத்தது இருந்தால் அதன் அடியில் மார்க்கரால் குறியிடுங்கள். அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி எடுத்தால் பிரைமரில் அந்தச் சிறு பள்ளம் ஒவ்வொரு முறையும் ஆழமாகும். இரண்டாம் முறை ஏற்றினால் அதைச் சுட்டுவிடுங்கள், அல்லது பிரித்துவிடுங்கள்.